மீண்டும் நிறுவுவது தீர்வு அன்று

டேப்லெட்டில் அலுவலக மின்னஞ்சலை அமைக்கையில் செயலிகள் ஒன்றோடொன்று மோதினால், எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதே பழுது நீக்குவோரிடம் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும். ஏனெனில் நீக்கும் செயல் கோளாறின் தடயத்தை அழிப்பதோடு, பணிச் சுயவிவரத்தை நீக்க நேர்ந்தால் அதனுள் இருக்கும் கோப்புகளையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

2014இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், சொந்தக் கருவியில் அலுவலகச் செயலிகளைத் தனியே அடைத்துவைக்கும் பகுதியாகிய இச்சுயவிவரத்தை ஒரே ஒரு மேலாண்மைச் செயலிதான் ஆள முடியும். ஐபேடிலும் ஒரு நேரத்தில் ஒரே மேலாண்மைக்குத்தான் இடமுண்டு. சென்னை–திருப்பதி இருப்புப்பாதையில் அமைந்த புத்தூரில், கணவர் ஸ்ரீசிட்டி ஆலையிலும் மனைவி பொறியியல் கல்லூரியிலும் பணிபுரியும் வீட்டில் டேப்லெட் ஒன்றே இருந்து, ஆலை மைக்ரோசாஃப்ட் இன்டியூனையும் கல்லூரி சோஹோவின் மேனேஜ்எஞ்சினையும் மேலாண்மைக்கு வலியுறுத்துமானால், இரண்டாவதாக வரும் மின்னஞ்சல் எத்தனை முறை நிறுவினாலும் அமையாது. அங்கே தேவைப்படுவது, ஆட்சி எவரிடம் உள்ளது என்பதை அமைப்புகளில் பார்த்தறிந்து, எந்த அலுவலகத்துக்கு அக்கருவி என்பதை உரியவர்களே முடிவு செய்யும்படி எடுத்துச் சொல்வதாகும்.

மற்றொரு மோதல் நுழைவு பற்றியது. பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் அனுப்பும் பழைய நுழைவுமுறையை மைக்ரோசாஃப்ட் தன் இணையவழி அஞ்சல் சேவையில் 2022 அக்டோபர் 1 முதல் படிப்படியாக நிறுத்தியதால், பழைய அஞ்சல் செயலிகள் சரியான கடவுச்சொல்லைத் தந்தாலும் அதையே திரும்பத் திரும்பக் கேட்கின்றன. புதிய முறையில், சிம் இல்லாத டேப்லெட்டுக்கான நுழைவு ஒப்புதலைக் கைப்பேசியிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆதென்டிகேட்டர் செயலியில் அளித்துவிடலாம் என்பது உண்மையே. ஆயினும் அலுவலகத் தரவைக் காக்கும் இன்டியூன் விதிகள் நடப்பில் இருந்தால், கணக்குக்கும் கருவிக்கும் இடையே சான்று பகரும் இடைநிலைச் செயலி டேப்லெட்டிலேயே இருந்தாக வேண்டும். ஆண்ட்ராய்டில் அது கம்பெனி போர்ட்டல், ஐபேடில் ஆதென்டிகேட்டர். இவற்றைத் தேவையற்றவை எனக் கருதி நீக்கிய பின்னரே பல மோதல்கள் தொடங்குகின்றன.

இவற்றோடு ஒப்பிட்டால், ஒரே கணக்கை இரு செயலிகளில் சேர்த்ததால் இரட்டிக்கும் நாள்காட்டிக் குறிப்புகளும், பேட்டரிச் சேமிப்பால் தாமதமாகும் அறிவிப்புகளும் எளிதில் சரிசெய்யத்தக்கவை.

எனவே எதையும் நீக்குமுன், கருவியிலுள்ள கணக்குகள், மேலாண்மைச் செயலியின் பெயர் ஆகியவற்றோடு, மைக்ரோசாஃப்ட் நுழைவுத் திரை காட்டும் பிழை எண், தொடர்பு அடையாள எண், நேரம் ஆகியவற்றையும் குறித்து அலுவலக நிர்வாகிக்கு அனுப்ப வேண்டும். அவற்றைக் கொண்டு தோல்வியுற்ற அம்முயற்சியை மட்டும் அவரால் நுழைவுப் பதிவுகளில் தேடியெடுக்க இயலும். மைக்ரோசாஃப்ட்டின் கட்டணமில்லா உரிமத்தில் அப்பதிவுகள் 7 நாள்களே தங்குமாதலால், குறிப்பு அன்றைக்கே சென்று சேர்வது நலம்.