63 எபிசோடு பார்த்துட்டு வா என்பவர்களுக்கு

டிஸ்கி: 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படத்தின் கதை கீழே அப்பட்டமாக வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம். பார்க்காமலே படித்தாலும் குத்தமில்லை, நான் பேசப்போவதே அவர்களுக்காகத்தான்.

2025 செப்டம்பரில் அந்த ஜப்பான் அனிமேஷன் படம் தமிழ் டப்பிங்கோடு இங்கே ரிலீஸ் ஆனது. சித்தப்பாவையும் அவர் பையனையும் கூட்டிக்கொண்டு போனேன். பையன் சீரிஸை ஒன்று விடாமல் பார்த்தவன். சித்தப்பா ஊரூர் ஒல்காட் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர். வலை, படகு, இன்ஜின் என்று இருக்கும் மனுஷனுக்கு ஜப்பான் அரக்கர்களோடு பழக்கமில்லை. "இவன் யார்றா? அவனுக்கும் இவனுக்கும் இன்னா தகராறு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "சீரிஸ் பாக்காதவங்கல்லாம் ஏன் சார் வர்றீங்க?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் சித்தப்பா எதுவுமே கேட்கவில்லை.

இதை வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் பின் வரிசைக்காரர் பக்கம்! "நாவலோட இருபதாவது அத்தியாயத்தைத் திறந்து வச்சுக்கிட்டு புரியலைன்னா எழுத்தாளர் என்னடா பண்ணுவார்?" என்கிறான் ஒருத்தன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபதாவது அத்தியாயத்தை மட்டும் கிழித்துத் தனியாக பைண்ட் பண்ணி, போஸ்டர் ஒட்டி, தமிழிலும் மொழிபெயர்த்து யாரும் விற்பதில்லையே. டிக்கெட் கொடுக்கிறவர் "முன்கதை தெரியுமா?" என்று கேட்டா கொடுத்தார்? ஊரையே கூப்பிட்டுவிட்டு, வந்தவனைப் பார்த்து "நீ ஏன் வந்தே" என்றால் அது என்ன மரியாதை?

கணக்கைப் பாருங்கள். 2019-இல் தொடங்கிய சீரிஸ், இந்தப் படத்துக்கு முன்னால் 63 எபிசோடு. கூட்டினால் 25 மணி நேரத்துக்கு மேல். படமே இரண்டரை மணி நேரத்தைத் தாண்டுகிறது, அதுவும் மூன்று பாகங்களில் முதல் பாகம்தான். விடிகாலையில் கடலுக்குப் போகிறவர் இந்த ஹோம்வொர்க்கை எப்போது முடிப்பது?

அதற்காக முதல் பத்து நிமிஷம் முன்கதைச் சுருக்கம் ஓட்டச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது இன்னும் கொடுமை. பேரும் ஊருமாக நாற்பது தகவலைக் கொட்டினால் எதுவும் மண்டையில் நிற்காது. புதிதாக வருகிறவனுக்குத் தேவை ஒன்றுதான்: எதிரே நிற்கிற ஆள் யார், இப்போது அவனுக்கு என்ன வேண்டும்?

இதைச் சரியாகச் செய்த படங்கள் இருக்கின்றன. 'ஃபயர்ஃபிளை' என்ற அமெரிக்க சீரிஸ் 2002-இல் வந்து பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 2005-இல் அதன் தொடர்ச்சியாக 'செரினிட்டி' படம் வந்தது. ஆரம்பத்திலேயே கேப்டன் தன் விண்கலத்துக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார். வழியில் ஒவ்வொருவரோடும் ஒரு சின்ன உரசல். சில நிமிஷத்தில் எல்லோரும் பழக்கமாகிவிடுகிறார்கள். இந்தியில் 2002-இல் தொடங்கிய 'கிச்சடி' சீரியல் 2010-இல் படமானது. ஹன்சா ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்பாள், புருஷன் பிரஃபுல் தலைகீழாக ஒரு விளக்கம் கொடுப்பான். அதைப் புரிந்துகொள்ள பழைய எபிசோடு எதற்கு? டீமன் ஸ்லேயரிலேயே 2020-இல் வந்த 'மூகன் ட்ரெயின்' இருக்கிறது. ஒரு ரயில், ஒரு ராத்திரி. ரெங்கோக்கு ஏன் உயிரைக் கொடுக்கிறான் என்பதற்கு அவன் அம்மா சொன்னது அந்தப் படத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இவ்வளவு ஏன், நம்ம தெருக்கூத்துக்கு வாருங்கள். 'கர்ண மோட்சம்' என்பது என்ன? மகாபாரதம் என்ற மகா நீளமான சீரிஸின் கடைசி சீசன். கேட்கிற எல்லோருக்கும் கதை தெரியும். இருந்தும் திரைக்குப் பின்னால் வந்து நிற்கிற ராஜாவைக் கட்டியங்காரன் விடமாட்டான். நீர் யார், எந்த ஊர், எதற்கு வந்தீர் என்று கேட்பான். ராஜாவும் பாடி, ஆடி, தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். தெரிந்தவனுக்கு அது கொண்டாட்டம், முதல் தடவை பாயில் உட்கார்ந்த பொடியனுக்கு அதுவே பாடம். தெரிந்தவன் யாரும் போர் அடிக்கிறது என்று எழுந்து போனதில்லை.

நியாயமாக ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஷினோபு தோற்றபோது சித்தப்பா பையன் அழுத அழுகை எனக்கு வராது, சித்தப்பாவுக்கும் வராது. அவன் வருஷக்கணக்காக அவளோடு இருந்தவன். அந்த அழுகை அவன் சம்பாதித்தது, யாரும் பங்கு கேட்கவில்லை. ஆனால் அவனுக்குக் கிடைத்த அளவு கிடைக்காது என்பதும், ஒன்றுமே கிடைக்காது என்பதும் ஒன்றா?

இல்லை என்பதற்கு அந்தப் படமே சாட்சி. பிற்பாதியில் அரக்கன் அகாசாவின் பழைய கதை வருகிறது. நோயில் கிடக்கும் அப்பாவுக்கு மருந்து வாங்கத் திருடுகிற சின்னப் பையன். அவமானம் தாங்காமல் அப்பா தூக்கில் தொங்குகிறார். பிறகு அவனை மனுஷனாக்கிய குருவையும், கட்டிக்கொள்ள இருந்த பெண்ணையும் கிணற்றில் விஷம் கலந்து கொன்றுவிடுகிறார்கள். இதற்கு ஒரு எபிசோடுகூடத் தேவைப்படவில்லை. சித்தப்பா மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

ஆக இயக்குநருக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. வில்லனுக்குச் செய்ததை நாயகன் தன்ஜிரோவுக்குச் செய்யவில்லை. தெரிந்தவர்கள்தானே வருவார்கள் என்ற மெத்தனம். அது படத்தின் குறை, பார்க்க வந்தவரின் குறை அல்ல.

எங்க குப்பத்துக்கு இந்த விவகாரம் புதுசில்லை. 2015-இல் டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் போன்றவர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். சபாவில் கேட்கிற சங்கீதம் கடலோரத்துக்கு வந்தது. ராகம் தெரியுமா, தாளம் தெரியுமா என்று பரீட்சை வைத்து யாரையும் உட்கார வைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ள அப்பனுக்கு மருந்து வாங்கத்தானே திருடுச்சு? அதுக்குப் போயி..." மேலே பேசவில்லை.

அடுத்த பாகம் வரும்போதும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். "இவன் யார்றா" என்று சத்தமாகவே கேட்பார். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள், ஒரு வரி போதும்.