அப்பாவை ஓடிபி சொல்லப் பழக்கியது யார்?

ஊரை விட்டு வந்த நம்மவர்கள் பலரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம் இருக்கிறது. காலை டிபன் முடிந்ததும் மும்பையிலோ புனேயிலோ டெல்லியிலோ உட்கார்ந்துகொண்டு, ஊரில் இருக்கும் அப்பாவின் வங்கிக் கணக்கைத் திறப்பார்கள். பாஸ்வேர்டு மகனிடம். செல்போன் அப்பாவிடம். "அப்பா, இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும் பாருங்க. அதுல ஆறு நம்பர் இருக்கும், அதை மட்டும் படிங்க." அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எண்ணாகப் படிப்பார். கரண்ட் பில் கட்டியாகிவிடும். மகனுக்குப் பரம திருப்தி.

இந்த வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கோபம் வந்தால் வரட்டும்.

நான் பி.காம். முடித்துவிட்டு வங்கியில் ஆணி பிடுங்குபவன். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பிடித்தவன். எ-கலப்பை காலத்திலிருந்து தமிழில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு பழைய பொட்டியில் இன்னமும் லினக்ஸ் ஓடுகிறது. ஆகவே 'இவன் தொழில்நுட்பத்துக்கு எதிரி' என்று யாரும் கிளம்ப வேண்டாம் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஓடிபி எதற்கு? வீட்டுக்கு இரண்டு பூட்டு போடுகிற மாதிரி. ஒன்று உங்களுக்கு மட்டும் தெரிந்தது, அதாவது பாஸ்வேர்டு. இன்னொன்று உங்கள் கையில் மட்டும் இருப்பது, அதாவது உங்கள் சிம் போட்ட போன். ஒன்று திருடு போனாலும் மற்றது காப்பாற்றும். இணையத்தில் கார்டு தேய்க்க இந்த இரண்டாவது பூட்டு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட்டில் கொண்டுவந்தது. அப்போது வியாபாரிகள் எத்தனை முணுமுணுத்தார்கள்! ஆனால் நல்ல ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. போன் வைத்திருப்பவர் அந்த ஆறு எண்ணை வாயால் சொல்லிவிட்டால், இரண்டு பூட்டும் ஒரே பூட்டாகிவிடும். திருடனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் எந்தக் கம்ப்யூட்டரையும் உடைப்பதில்லை. போன் போடுகிறான், அவ்வளவுதான்.

எங்கள் காலனி நண்பர் ஒருவர், பொட்டி தட்டுகிற பெரிய கம்பெனியில் நல்ல பதவி. அப்பா திருநெல்வேலிப் பக்கம் தனியாக இருக்கிறார், ஓய்வு பெற்ற ஆசிரியர். ஒரு நாள் 'பேங்க்லேர்ந்து பேசறோம்' என்று போன். கேஒய்சி முடிக்காவிட்டால் பென்ஷன் நிற்குமாம். மரியாதையாக, பொறுமையாக, தமிழிலேயே பேசியிருக்கிறான். 46 ஆயிரம் ரூபாய் போய்விட்டது. நண்பர் அப்பாவைப் பிடித்துக் கத்தியிருக்கிறார். "யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜிலேயே இருக்கே, படிக்கலையா?" அதற்கு அந்தப் பெரியவர் சொன்ன பதில் இது: "நீ கேக்குத மாதிரிதானய்யா அவனும் கேட்டான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? மாதாமாதம், வருடக்கணக்கில், 'தொலைபேசியில் கேட்டால் எண்ணைப் படிக்க வேண்டும்' என்று அந்த மனிதரைப் பழக்கியது யார்? திருடன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். பயிற்சி முழுக்க மகன் கொடுத்தது.

சட்டம் என்ன சொன்னது என்று கேட்டால் இன்னும் வயிறு எரியும். 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்கு ரொம்பவே சாதகமானது. வங்கி மீதோ வாடிக்கையாளர் மீதோ தவறில்லாமல் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அவருக்கு நஷ்டமே இல்லை என்றது. ஆனால் பாஸ்வேர்டு, பின், ஓடிபி போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால் அது கவனக்குறைவு. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் முழுக்க அவர் தலையில். இந்த இடத்தில்தான் எத்தனையோ பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட புகாரோடு திரும்பிப் போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, யாரும் பேச விரும்பாதது. அப்பா காலமான மறுநாளே அவர் போனில் வரும் ஓடிபியை வைத்துப் பணத்தைத் தன் கணக்குக்கு மாற்றுகிற மகன்கள் இருக்கிறார்கள். "செலவுக்குத்தானே சார்" என்பார்கள். அப்பா உயிரோடிருக்கும்போது எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரமே அவரோடு முடிந்துவிடும். எழுதிக் கொடுக்காத பாஸ்வேர்டுக்கு என்ன மதிப்பு? நாளை தங்கை வந்து கேள்வி கேட்டால் பதில் இருக்காது. குடும்பம் இரண்டாவதற்கு இது போதும்.

வங்கிகளை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். நான் அந்தச் சாப்பாடு சாப்பிடுபவன்தான், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். பாஸ்புக், பணம் கட்டும் சீட்டு எல்லாம் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் பழைய விதி. காகிதத்துக்குத் தமிழ் கொடுத்தோம். காகிதம் போய் போன் வந்ததும் தமிழையும் சேர்த்துக் கழற்றிவிட்டோம். 'யாருக்கும் சொல்லாதீர்கள்' என்கிற அந்த முக்கியமான வரி, பெரும்பாலும் ஆங்கிலத்தில், மெசேஜின் வாலில் வருகிறது. தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவுக்கு அதில் புரிவது ஆறு எண் மட்டுமே.

ஏன் தமிழில் அனுப்புவதில்லை? ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் போன்ற மொழிகளில் எழுதினால் 70 இடம்தான். அதிலும் 'பரிவர்த்தனை' நம் கண்ணுக்கு 7 எழுத்து, யூனிகோடு கணக்கில் 11. ஆக, ஒரு மெசேஜ் இரண்டு மூன்றாகிவிடும், செலவும் அப்படியே. இருக்கட்டுமே! எஸ்எம்எஸ்ஸுக்கென்று வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணம் பிடிக்கிற வங்கிகள், அவருக்குப் புரிகிற மொழியில் அனுப்பினால் குடி முழுகிப் போகாது. மொழியைத் தேர்வு செய்யும் வசதி உங்கள் அப்பாவின் வங்கியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்ததுதான் எங்கள் மேசையில் நகரும்.

"அப்ப என்னதான் செய்யச் சொல்றே?" என்கிறீர்களா? சொல்கிறேன்.

1. அப்பாவின் கரண்ட் பில்லை உங்கள் கணக்கிலிருந்து கட்டுங்கள். மின் இணைப்பு எண் இருந்தால் போதும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். அதற்கு அப்பாவின் கணக்குக்குள் நுழையவே தேவையில்லை.

2. பென்ஷன் வரும் கணக்கில் நெட்பேங்கிங், யுபிஐ எதுவும் வேண்டாம். பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்கும் மெடிக்கலுக்கும் தனியாக ஒரு சின்னக் கணக்கு. அதில் சில ஆயிரம் மட்டும். போனாலும் அவ்வளவுதான் போகும்.

3. கார்டில் இணைய உபயோகம், வெளிநாட்டு உபயோகம் இரண்டையும் அணைத்து வையுங்கள். அணைக்கவும், உச்சவரம்பு வைக்கவும் வசதி தரவேண்டும் என்று 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எத்தனை பேர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்?

4. பணத்தை நீங்கள் கையாளத்தான் வேண்டும் என்றால் முறையாகச் செய்யுங்கள். கூட்டுக் கணக்கு இருக்கிறது. வங்கியில் எழுதிக் கொடுக்கும் அதிகாரக் கடிதம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட்டில் வந்த 'யுபிஐ சர்க்கிள்' இருக்கிறது, அப்பா தன் கணக்கிலிருந்து ஒரு வரம்புக்குள் செலவழிக்க உங்களை அனுமதிக்கலாம். நீங்கள் உங்கள் போனில், உங்கள் பெயரில் செய்வீர்கள். அவருக்கும் தெரியும்.

5. அப்பாவின் கணக்கில் உங்கள் போன் எண்ணைப் பதிந்து வைத்திருந்தால் மாற்றுங்கள். அவர் பணம் போகும்போது முதலில் தெரிய வேண்டியது அவருக்கு.

"அப்பாவுக்குக் கண் சரியில்லை, விரல் நடுங்குது" என்பார்கள் சிலர். நியாயம். 70 வயது தாண்டியவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் பணம் கொடுப்பது, வாங்குவது போன்ற சேவைகளைத் தரவேண்டும் என்று 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கேட்டு வாங்குங்கள். கிளை மறுத்தால் எழுதிப் போடுங்கள். அதிலும் பலனில்லை என்றால் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

"எனக்கு நேரமில்லை" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் நமக்கு அ, ஆ எழுதப் பழக்கியபோது எத்தனை மாதம் ஆயிற்று என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

'வயசானவங்களுக்கு இதெல்லாம் வராது' என்பது சுத்தப் பொய். பேரனைப் பார்க்க வீடியோ கால் போடக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். வராதது தொழில்நுட்பம் இல்லை, நம் பொறுமை. அவசரத்தில் போனை வாங்கிப் பத்து நொடியில் முடித்துக் கொடுக்கிற ஒவ்வொரு முறையும், 'இது உங்களால் ஆகாது' என்று அவரிடம் சொல்கிறோம். பயந்துபோன மனிதரைத்தான் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்ட முடிகிறது. அப்படி ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "அப்பா, இனிமே போன்ல யார் நம்பர் கேட்டாலும் சொல்லாதீங்க. நான் கேட்டாலும் சொல்லாதீங்க." பணம் வாங்குவதற்குப் பின் எண் போடவே வேண்டாம் என்பதையும், ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குப் போன் போட வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து நீங்களே போன் போட்டு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். "தர மாட்டேன்" என்று அவர் சொன்னால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

டிஸ்கி: இது முழுக்க என் சொந்தக் கருத்து. எனக்குச் சம்பளம் தரும் வங்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திட்ட நினைப்பவர்கள் முதலில் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டு வந்து திட்டவும் :-)