மருந்துச் சீட்டில் ஒரு கணக்கு

தென்காசிப் பக்கம் அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுக்குப் பாட்டிக்குத் துணையாகப் போயிருக்கிறீர்களா? சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கும். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று பொருள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று பைசா பிசகாமல் கணக்குப் பார்க்கும் பாட்டிக்கு இது விளங்காதா என்ன? சொன்னால் விளங்கும். சொல்ல நேரம் வேண்டுமே! 67 நாடுகளை ஒப்பிட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வின்படி, மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் சராசரி நேரம் சுவீடனில் 22½ நிமிடம். இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். வங்காளதேசத்தில் 48 விநாடி.

இரத்த அழுத்தம் கூடினால் பெரும்பாலும் வலி தெரியாது. குற்றாலத்தில் நாலு நாள் குளித்து உடம்பு தெம்பானதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவரை அறியாதவர் என்று ஏசுவது எளிது. நிறுத்தக் கூடாது என்பதை அவருக்குப் புரியும்படி யார் சொன்னார்கள்?

மருந்து கொடுக்குமிடத்தில், “எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்” என்று நோயாளியையே திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும் என்பேன். அரை நிமிட வேலைதான். அந்த வழக்கம் வரும்வரை, துணைக்குப் போகிற நீங்கள் கேளுங்கள்: சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? எத்தனை நாள்? மறுபடி எப்போது வர வேண்டும்? வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.