சோறு வைக்க ஆள் இருக்கு... அவசரத்துக்கு? - ஊருக்குப் போகும் முன் செல்லப்பிராணிக்குச் செய்ய வேண்டியவை!

ஏப்ரல் கடைசியில் பள்ளிகள் மூடியதும் திருப்பாலை, ஆனையூர், விளாங்குடி, திருநகர் என மதுரையின் புறநகர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு பூட்டு தொங்க ஆரம்பிக்கும். ஒரு குடும்பம் கொடைக்கானலுக்குக் கிளம்பும், இன்னொரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குப் போகும். மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்காவுக்கு விமானம் ஏறும் பெற்றோரும் இருக்கிறார்கள். பெட்டி கட்டுவது, டிக்கெட் எடுப்பதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக ஒரு கேள்வி வரும். ''நாயை என்ன செய்யுறது?''

கூடவே அழைத்துச் செல்வது எளிதல்ல. ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கை கூபேயையோ, நான்கு படுக்கை கேபினையோ முழுவதுமாக எடுத்தால்தான் நாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். ஸ்லீப்பர், ஏசி டூ டயர், த்ரீ டயரில் அனுமதி கிடையாது. அதனால் பெரும்பாலான வீடுகளில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ''யக்கா, ரெண்டு நாளைக்கு மணிக்குக் கொஞ்சம் சோறு மட்டும் வெச்சிருங்க...''

அந்த அக்காவும் சோறு வைப்பார். ஆனால், மணி அந்தச் சோற்றைத் தொடாவிட்டால் அவர் என்ன செய்வது? 'பெட் சிட்டர்' எனப்படும் பராமரிப்பாளரை அமர்த்தும்போது யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

விடுதியா, வீடா?

வீட்டுக்கே வந்து செல்லப்பிராணியைப் பார்த்துக்கொள்வது நமக்குத்தான் புதிது. அமெரிக்காவில் 1980-களிலேயே இது ஒரு தொழிலாகிவிட்டது. 1994-ல் 'பெட் சிட்டர்ஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பும் தொடங்கப்பட்டது. இங்கே விலங்குகளுக்கான விடுதிகள் வந்துவிட்டாலும், எல்லாப் பிராணிக்கும் அவை பொருந்தாது.

பூனைக்குத் தன் இடம்தான் உலகம். புது இடத்தில் விட்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு பட்டினி கிடக்கும். தடுப்பூசி முழுமையாகப் போடாத நாய்க்குட்டியைப் பல நாய்கள் வந்துபோகும் இடத்தில் விட்டால் பார்வோ வைரஸ் தொற்றும் ஆபத்து உண்டு. வயதான நாய், கண் தெரியாத நாய், தினமும் மருந்து சாப்பிடும் நாய் ஆகியவற்றுக்கும் பழகிய வீடே நல்லது. தடுப்பூசிகள் எல்லாம் போட்ட, மற்ற நாய்களோடு சண்டை போடாத, ஆரோக்கியமான நாய் என்றால் நல்ல விடுதியில் விடலாம். ஆனால், கூண்டின் அளவு, காற்றோட்டம், இரவில் ஆள் இருக்கிறாரா என்பதையெல்லாம் நேரில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

ஊருக்குப் போகும் நாளில் அறிமுகம் வேண்டாம்!

ஆட்டோ வாசலில் நிற்கும்போது, ''இவர்தான் மணி'' என்று அறிமுகம் செய்துவைத்துவிட்டுக் கிளம்பினால், பாடுபடப்போவது இருவருமே. குறைந்தது ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே இரண்டு மூன்று முறை அவரை வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அடுத்த முறை அவர் கையால் சாப்பாடு வைக்கட்டும். மூன்றாவது முறை வீட்டுக்காரர்கள் ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வரலாம். அந்த ஒரு மணி நேரத்தில் நாய் எப்படி இருந்தது என்பதே போதும், இவர் சரிவருவாரா என்பது தெரிந்துவிடும்.

தென் மாவட்டங்களில் பலர் வளர்க்கும் நாட்டு நாய்களுக்கு இது இன்னும் முக்கியம். காவலுக்குப் பேர்போன ராஜபாளையம் நாய் ஒருவரிடமே அதிகமாக ஒட்டிக்கொள்ளும். வெளியாளை எளிதில் உள்ளே விடாது. கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனங்கள். கேட் ஒரு நிமிடம் திறந்திருந்தால்கூட எதையாவது துரத்திக்கொண்டு ஓடிவிடும். பின்னால் ஓடிப் பிடிக்கவும் முடியாது. புது ஆள் கேட்டைத் திறக்கும்போது நாய் கட்டியிருக்க வேண்டும் என்பதைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். கழுத்துப்பட்டையில் போன் நம்பர் எழுதிய தகடு இருப்பதும் அவசியம்.

வருபவரிடம் வீட்டுச் சாவியும் போகிறது. ஏற்கெனவே அவரை அமர்த்திய இரண்டு குடும்பங்களிடம் விசாரித்துக்கொள்வது நல்லது. வேலைக்கு அமர்த்துபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் வசதி தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. 'பத்து நாள் டூர்' என்று கிளம்பும்போதே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைப்பதையும் தவிர்க்கலாம்.

சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

சாப்பாட்டு நேரம், அளவு, மருந்து ஆகியவற்றை எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 'எது நடந்தால் காத்திருக்கக் கூடாது' என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அதைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுவது நல்லது.

* ஆண் பூனை திரும்பத் திரும்பச் சிறுநீர் கழிக்க முயன்றும் வராவிட்டால், அது அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாள்களில் உயிரே போய்விடும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதே கூடாது.

* பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலே மருத்துவரிடம் பேச வேண்டும். பட்டினி தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும்.

* பெரிய நாயின் வயிறு உப்பி, குமட்டியும் வாந்தி வராவிட்டால், சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தாக வேண்டும்.

* மதுரை வெயிலில் நாய் பயங்கரமாக மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, தள்ளாடினால் அது வெப்ப பாதிப்பு. சாதாரணத் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மதிய நேரத்தில் மொட்டை மாடியிலோ, தகரக் கொட்டகையிலோ கட்டவே கூடாது.

* கண்மாயை ஒட்டிய புது லே-அவுட்களில் பாம்பு வருவது சகஜம். முகமோ காலோ திடீரென வீங்கினாலும், பின்னங்கால் இழுத்தாலும் தாமதிக்கக் கூடாது.

அன்பினால் வரும் ஆபத்துகளும் உண்டு. 'பாவம், காய்ச்சல் போல' என்று பூனைக்கு ஒரு பாராசிட்டமால் கொடுத்தால், அந்த ஒரு மாத்திரையே அதைக் கொன்றுவிடும். சாக்லேட், வெங்காயம் சேர்ந்த குழம்பு, பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை ஆகியவை நாய்க்கு விஷம். மனிதர்களுக்கான எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிட வேண்டும்.

அனுமதியும் பணமும்

இவ்வளவும் எழுதிக் கொடுத்த பிறகும், ராத்திரி பதினொரு மணிக்கு நாய் சுருண்டு விழுந்தால் பராமரிப்பாளர் தயங்குவார். வீட்டுக்காரர் விமானத்தில் இருப்பார். அல்லது மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது. 'கேக்காம ஊசி போட்டா திட்டுவாங்களோ, செலவை யார் தருவாங்க' என்ற யோசனையிலேயே விடிந்துவிடும்.

அந்தத் தயக்கத்துக்கு இடமே வைக்கக் கூடாது. 'நான் போனில் கிடைக்காவிட்டால், மருத்துவர் சொல்லும் சிகிச்சைக்கு நீங்களே சம்மதம் சொல்லலாம். இவ்வளவு ரூபாய் வரை கேட்க வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொகையை ஒரு கவரில் போட்டு வைக்கலாம். வழக்கமான மருத்துவரிடம் முன்கூட்டியே தகவல் சொல்லி, தடுப்பூசி அட்டையையும் கவரோடு வைப்பது நல்லது. தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. இரவில் எந்தத் தனியார் மருத்துவமனை திறந்திருக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்து எழுதிவிட வேண்டும். உள்ளூரிலேயே இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணும் தாளில் இருக்கட்டும்.

வருபவரும் பத்திரமாக இருக்க வேண்டும்

நாய் முன்பு யாரையாவது கடித்திருந்தால், அதை மறைக்கவே கூடாது. 'சொன்னா வர மாட்டாங்க' என்று மறைப்பவர்கள் அவருடைய உயிரோடு விளையாடுகிறார்கள். வளர்க்கும் விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கிளம்பும் முன் ரேபிஸ் தடுப்பூசி காலாவதியாகவில்லையா என்று பார்த்துவிட வேண்டும். அப்படியும் கடித்தாலோ, நகம் கீறினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே அரசு ராஜாஜி மருத்துவமனைக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போனால் தடுப்பூசி இலவசம். 'வீட்டு நாய்தானே' என்று விட்டுவிடக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

சம்பளத்தையும் முன்பே பேசிவிட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை வருவார், இரவு தங்குவாரா, வாக்கிங், குளிப்பாட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது இதில் சேர்த்தியா என்பதெல்லாம் தெளிவாக இருந்தால் பிறகு மனக்கசப்பு வராது. தெரிந்த அக்காவாகவே இருந்தாலும், ஊரிலிருந்து அல்வா வாங்கி வருவது சம்பளமாகாது.

50 ரூபாய் சட்டம்

வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவும் தண்ணீரும் இடமும் தராமல் விடுவது, 1960-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால், முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். பூட்டிய கேட்டுக்குள் தண்ணீர் தீர்ந்துபோன நாயை அந்த 50 ரூபாய் காப்பாற்றிவிடாது. அதைக் காப்பாற்ற, சாவியும் அனுமதியும் கையில் உள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே, சம்பளம் பேசி முடித்ததும் பராமரிப்பாளரிடம் ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது. ''நாங்க போனை எடுக்கலைன்னா என்ன செய்வீங்க?'' 'நீங்க எடுக்குற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்' என்று அவர் சொன்னால், இன்னும் சொல்லிக்கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. 'கவரை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போயிருவேன், அப்புறம் உங்களுக்கு மெசேஜ் போடுவேன்' என்று சொன்னால், நிம்மதியாகச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.