ஏரி வண்டலின் வயசு: ரேடியோகார்பன் சறுக்குவது எங்கே?

ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் வரை ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம் என்பது புரியும். உத்திரமேரூரின் வைரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது. பராந்தகச் சோழனின் கி.பி. 921 கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. கல்வெட்டு சொல்லாத மழை, வறட்சிக் கதை வண்டலில் படிந்திருக்கிறது. லேப்புக்கு அனுப்பினால் வயசு தெரிந்துவிடுமே? அவ்வளவு ஈசி இல்லை.

உயிர் போனதும் கார்பன்-14 குறையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். இந்தக் கணக்கில்தான் கீழடிக் கரித்துண்டு ஒன்றுக்கு கி.மு. 580 என்று வந்தது. ஆனால் வண்டல் ஒரு பொருள் அல்ல, பல காலத்துக் கலவை.

வெள்ளம் அடித்துவரும் பழைய மண் வயசைக் கூட்டிக் காட்டும். சுண்ணாம்பு கரைந்த நீரில் வளரும் பாசியும் அப்படித்தான். கார்பன்-14 முழுசாகத் தீர்ந்த கார்பன் 1 சதவீதம் கலந்தாலே சுமார் 80 ஆண்டு கூடிவிடும். கோடை வெடிப்பில் விழும் புதுக் குப்பையும், ஆழமாக இறங்கும் சீமைக்கருவேல வேரும் வயசைக் குறைத்துவிடும். தூர்வாரிய ஏரியில் பல அடுக்குகளே இருக்காது.

அப்போ என்ன வழி? மொத்த மண்ணை விட்டுவிட்டு, நிலத்துச் செடியின் விதை, இலை, கரித்துண்டைப் பொறுக்கிப் பல ஆழங்களில் சோதிக்க வேண்டும். ஏ.எம்.எஸ். கருவிக்குச் சில மில்லிகிராம் போதும். டெல்லியிலேயே அந்த வசதி இருக்கிறது.

தூர்வாருவது விவசாயிக்கு அவசியம், நிறுத்தச் சொல்லவில்லை. பொக்லைன் இறங்கும் முன் ஒரு குழாயை இறக்கி, மண் அடுக்கைக் கலையாமல் எடுத்து வைக்கலாமே. வண்டல் வயலுக்குப் போனபின் எந்த லேப்பாலும் அதைப் படிக்க முடியாது.