காயம் ஆறிய அணிலை மரத்தில் விட்டால் குற்றம்!

இங்கிலாந்தில் ஒரு சிறுமி, தெருவோரம் அடிபட்டுக் கிடக்கும் அணிலைத் தூக்கி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிருக வைத்தியர் அதற்கு மருந்து கொடுக்கலாம். காலில் கட்டுப் போடலாம்.

ஆனால், கால் குணமானதும் அதை மரத்தில் விட்டால் குற்றம்! அனுமதி இல்லாமல் கூண்டில் வளர்த்தாலும் குற்றம்!

பிறகு என்னதான் செய்வது? ஊசி போட்டுக் கொன்றுவிடுவதே வழக்கம்.

எல்லா அணிலுக்கும் இந்தக் கதி இல்லை. சாம்பல் நிற அணிலுக்குத்தான். அது நம் ஊர் அணிலைவிடப் பெரியது. முதுகில் கோடு கிடையாது. சொந்த நாடு அமெரிக்கா. 1876-ல், தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு சீமான் அதைக் கொண்டுவந்து விட்டார். அவரைப் பார்த்து வேறு சிலரும் விட்டார்கள்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை ஆகிவிட்டது!

அந்த நாட்டின் சொந்த அணில் சிவப்பு நிறம். வந்த அணில் அதன் தீனியைத் தின்கிறது. ஒருவித அம்மை நோயையும் பரப்புகிறது. அந்த நோய் சாம்பல் அணிலை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. சிவப்பு அணிலோ செத்துப்போகிறது. 2018-ல் வெளியான கணக்குப்படி, பிரிட்டனில் சாம்பல் அணில் சுமார் 27 லட்சம். சிவப்பு அணில் 3 லட்சம்கூட இல்லை. அதிலும் பெரும்பகுதி ஸ்காட்லாந்தில்.

சாம்பல் அணிலை வெளியே விடக்கூடாது என்று 1981-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் சில காப்பகங்களுக்கு மட்டும், குணமான அணிலை விட அனுமதி கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் அதுவும் நின்றது. சீனாவிலிருந்து வந்த மண்ட்ஜாக் என்ற சின்ன மானுக்கும் இதே சட்டம்தான்.

சிவப்பு அணிலைக் காப்பாற்ற வேண்டும் என்பது நியாயமே. அது வாழும் காட்டில் ஒரே ஒரு சாம்பல் அணிலை விட்டாலும் ஆபத்து. அங்கே இரக்கம் பார்க்க முடியாது.

ஆனால், லண்டன் நகரத்துப் பூங்காக்களில் சிவப்பு அணிலே இல்லையே! அங்கே அடிபட்ட ஒன்றைக் கொல்வதால் எந்தச் சிவப்பு அணில் பிழைக்கப்போகிறது? சட்டம் தெரிந்தவர்கள், அடிபட்ட அணிலைக் கண்டும் காணாதவர்போல் போய்விடவும் கூடும். அது தெருவிலேயே துடித்துச் சாகும்.

வெளியே விட வேண்டாம். குட்டி போடாதபடி ஆபரேஷன் செய்து, ஆயுள் உள்ளவரை வைத்துக்கொள்ளக் காப்பகங்களுக்குத் தாராளமாக அனுமதி கொடுக்கலாமே! கூண்டு வாழ்க்கை அணிலுக்குச் சுகமல்லதான். செலவும் இருக்கிறது. ஆனால், அந்தச் செலவை ஏற்கக் காப்பகங்கள் முன்வந்தால், அரசாங்கத்துக்கு என்ன நஷ்டம்?