சான்று இருக்கிறது

மனச்சோர்வுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் ஒரு தாள் தருவார்கள். நடந்தது, தோன்றிய எண்ணம், அதற்கான சான்று, எதிர்ச்சான்று, மாற்று எண்ணம் என்று கட்டங்கள். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் தொடங்கிவைத்த முறை இது. ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணத்தை அந்தத் தாள் உடைப்பதை நானே அனுபவித்திருக்கிறேன். சிகிச்சையோடு எனக்குச் சண்டையில்லை. அதைப் பாதியாக்கித் தருபவர்களோடுதான் சண்டை.

‘எல்லா வேலையும் என் தலையில்தான்’ என்று ஒருத்தி எழுதினால் அது பிறழ்ந்த எண்ணமா? சான்று அடுப்படியில் கழுவாமல் கிடக்கிறது. லண்டனின் கேம்பர்வெல் பெண்களைப் பற்றி ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மனம்விட்டுப் பேச ஆளின்மை, வெளிவேலை இன்மை, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருப்பது: கஷ்டம் வரும்போது பெண்ணைச் சோர்வில் தள்ளுபவை இவை என்றார்கள்.

எண்ணம் உண்மையென்றால் பிரச்சினையைத் தீர்க்க வழிதேடு என்பதும் இச்சிகிச்சையின் பாடம்தான். அதை விட்டுவிட்டு, ‘வேறு மாதிரி யோசியுங்கள்’ என்று அனுப்பிவைப்பது வாயடைப்பு.

தோழிகளே, தாளில் எழுதுங்கள்: எண்ணம் சரி, மாற வேண்டியது வீடு. அதற்கு என்ன வழி என்று சிகிச்சையாளரைக் கேளுங்கள்.